பக்கத்தில் என்றால் எவ்வளவு பக்கம்?

அரியமங்கலத்தில் எங்கள் வீடு. ஒரு ஞாயிறு இரவு அப்பாவுக்கு அவசரமாக ஒரு மாத்திரை தேவைப்பட்டது. அக்கம்பக்கக் கடைகளில் இல்லை. மொபைலில் தேடி, பட்டியலில் முதலில் வந்த மருந்துக்கடைக்கு வண்டியைக் கிளப்பினேன். கடை காவிரிக்கு அக்கரையில்! பாலம் சுற்றிப் போய்த் திரும்புவதற்குள் அப்பா தவித்துப்போனார். இரண்டாவதாக வந்த கடையோ இக்கரையிலேயே இருந்தது.

ஏன் இப்படி? ஒவ்வொரு கடைக்கும் டேட்டாபேஸில் அட்சரேகை, தீர்க்கரேகை என இரண்டு எண்கள் உண்டு. நீங்கள் தேடும்போது, உங்கள் மொபைலின் ஜிபிஎஸ் தரும் எண்களோடு அவற்றை ஒப்பிட்டு, தூரம் குறைந்ததை மேலே வைக்கிறது புரோகிராம். பல புரோகிராம்களில் இது வெறும் நேர்கோட்டுத் தூரம். வரைபடத்தில் ஸ்கேல் வைத்து அளப்பது போலத்தான். ஆறு, ரயில் பாதை எதுவும் இந்தக் கணக்கில் வராது.

சிந்தாமணியையும் மாம்பழச் சாலையையும் இணைக்கும் காவிரிப் பாலம் 1976-ல் திறக்கப்பட்டது. பழுதுபார்ப்பதற்காக 2022 நவம்பரில் மூடப்பட்டு, 2023 மார்ச்சில் மறுபடி திறந்தது. அந்த மாதங்களில் இரு கரைக்கும் இடையே நேர்கோட்டுத் தூரம் ஓர் அடிகூட மாறவில்லை. ஆனால் வண்டியில் போகிறவர்கள் பல கிலோமீட்டர் சுற்ற வேண்டியிருந்தது. நேர்கோட்டை நம்பும் புரோகிராமுக்கு இது தெரியவே தெரியாது.

குறை சொல்லும் நானும் இதே கணக்கைத்தான் என் புரோகிராம்களில் எழுதியிருக்கிறேன். காரணம், அது சுலபம். லட்சம் இடங்கள் இருந்தாலும் சட்டென்று முடிந்துவிடும். சாலைத் தூரம் கணக்கிட அதிக நேரம் பிடிக்கும். ஆனால் லட்சம் இடங்களுக்கும் அதைக் கணக்கிட வேண்டியதில்லையே! நேர்கோட்டில் இருபது இடங்களைப் பொறுக்கி, அவற்றுக்கு மட்டும் சாலைத் தூரம் பார்த்து மறுபடி வரிசைப்படுத்தினால் போதும். சாலை விவரங்களை, 2004-ல் தொடங்கிய ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் இலவசமாகவே தருகிறது. எனவே, புரோகிராம் எழுதும் எங்களுக்கு இனி சாக்குச் சொல்ல இடமில்லை.

அதுவரை நீங்கள் ஒன்று செய்யுங்கள். பட்டியலில் முதல் பெயரைப் பார்த்ததும் கிளம்பிவிடாதீர்கள். முதல் மூன்று இடங்களுக்கும் வழியைக் காட்டச் சொல்லி, எதற்கு எத்தனை நிமிடம் என்று பாருங்கள். அப்படியே கடைக்கு ஒரு போன் போட்டு, மருந்து இருக்கிறதா என்றும் கேட்டுவிடுங்கள்.