செடி செழிச்சிருக்கு… கிழங்கு எங்கே?

சேலத்திலிருந்து ஒரு வாசகி வாட்ஸ்அப்பில் இரண்டு படங்கள் அனுப்பியிருந்தார். முதல் படத்தில் மொட்டை மாடியில் ஆறு பைகள், தளதளவென்று உருளைச் செடிகள். இரண்டாவது படத்தில் ஒரு கிண்ணம் நிறையக் கோலிக்குண்டு அளவுக் கிழங்குகள். அவற்றில் ஐந்தாறு பச்சையாக இருந்தன. “மூணு மாசம் பிள்ளை மாதிரி வளர்த்தேன். எங்கே தப்பு செஞ்சேன்? இதை மசிச்சு ரெண்டு வயசுப் பேத்திக்குக் கொடுக்கலாமா?” என்று கேட்டிருந்தார்.

இரண்டாவது கேள்விக்கு முதலில் பதில். பச்சைக் கிழங்கைக் குழந்தைக்குக் கொடுக்கவே கூடாது. உருளைக்கிழங்கு வேர் அல்ல, மண்ணுக்குள் பருக்கும் தண்டு. வெளிச்சம் பட்டால் பச்சை பிடிக்கும். அந்தப் பச்சையத்தால் கெடுதல் இல்லை. ஆனால் அதோடு சேர்ந்து சோலனின் என்ற நச்சும் கூடும். குக்கரில் எத்தனை விசில் விட்டாலும் அது போகாது. வயிற்றுவலி, வாந்தி, பேதி வரலாம். பெரிய கிழங்கில் ஓரிடத்தில் மட்டும் லேசான பச்சை என்றால், அந்த இடத்தை ஆழமாகச் சீவி எறிந்துவிட்டுப் பெரியவர்கள் சாப்பிடலாம். கோலிக்குண்டு அளவுக் கிழங்கில் சீவ என்ன இருக்கிறது? எறிந்துவிடுங்கள். கசந்தாலும் அப்படியே.

செடி வளர வளர அடித்தண்டைச் சுற்றி இரண்டு, மூன்று முறை மண் அணைத்திருந்தால் கிழங்கு பச்சையாகியிருக்காது.

கிழங்கு ஏன் பருக்கவில்லை?

“எப்போது நட்டீர்கள்?” என்று கேட்டேன். “பொங்கல் முடிஞ்சு” என்றார். கோளாறு அங்கேதான். உருளை குளிர் விரும்பி. இரவு வெப்பம் 20 டிகிரிக்குக் கீழே இருந்தால்தான் கிழங்கு நன்றாகப் பிடிக்கும். வெயில் ஏற ஏற, செடி தன் சத்தையெல்லாம் இலையிலேயே செலவழித்துவிடும். மாடியில் கறுப்புப் பை என்றால் மண் இன்னும் சூடாகும். நீலகிரியிலும் கொடைக்கானலிலும் விளைவது நம்மூர்ச் சித்திரை வெயிலில் விளையாததற்குக் காரணம் இதுதான். சமவெளியில் அக்டோபர் கடைசி முதல் நவம்பருக்குள் நட்டுவிட வேண்டும்.

பருவத்தில் நட்டும் இலை மட்டுமே செழிக்கிறதா? தழைச்சத்து அதிகமாகியிருக்கும். மண் அணைத்த பிறகு யூரியாவோ கடலைப்பிண்ணாக்குக் கரைசலோ ஊற்றாதீர்கள்.

மற்ற அறிகுறிகள்

தோலில் சொரசொரப்பான சிரங்கு: கிழங்கு பிடிக்கும் நேரத்தில் மண் காய்ந்துபோனால் வரும். சாம்பலும் சுண்ணாம்பும் மண்ணின் காரத்தன்மையைக் கூட்டி இதை வளர்க்கும். ‘சாம்பல் நல்லது’ என்று அள்ளிப் போடாதீர்கள். தோலைச் சீவிவிட்டுச் சமைக்கலாம்.

வெடிப்பு, நடுவில் பொந்து: நான்கு நாள் காயவிட்டு ஒரேயடியாகத் தண்ணீர் ஊற்றியதன் விளைவு. அழுகல் இல்லையென்றால் சாப்பிடலாம்.

கண் அருகே துளையும் எச்சமும்: அந்துப்பூச்சியின் புழு வேலை. வெளியே தெரியும் கிழங்கில்தான் தாய்ப்பூச்சி முட்டையிடும். இதற்கும் மருந்து மண் அணைப்பதுதான்.

ஈரம் இருந்தும் செடி பச்சையாகவே வாடுகிறது: அடித்தண்டில் ஒரு துண்டை நறுக்கி, கண்ணாடி டம்ளரில் உள்ள தெளிந்த தண்ணீரில் வெட்டுமுனை மட்டும் படும்படி பிடியுங்கள். சில நிமிடங்களில் பால் போன்ற இழை இறங்கினால் அது பாக்டீரியா வாடல் நோய். செடியை அப்புறப்படுத்துங்கள். அந்த மண்ணில் தக்காளி, கத்தரி, மிளகாய் வேண்டாம்.

இலையில் நீர் கோத்த கரும்புள்ளி, காலையில் அடிப்பக்கம் வெள்ளைப் பூசணம்: பின்பருவக் கருகல் நோய். 1845-ல் அயர்லாந்தில் பஞ்சத்தைக் கொண்டுவந்தது இதுதான். குளிரும் ஈரமும் சேர்ந்தால் சில நாட்களில் தோட்டம் முழுக்கப் பரவும். பக்கத்துத் தக்காளியையும் விடாது. நோயுற்ற செடியை உடனே பிடுங்குங்கள், உரக்குழியில் போடாதீர்கள்.

நட்டு 80, 90 நாளில் இலை மஞ்சளாகிறது: இது நோயே இல்லை. அறுவடைக்கு அழைப்பு! தண்ணீரை நிறுத்தி, பத்து நாள் கழித்துக் கையால் மண்ணைக் கிளறி எடுங்கள்.

சேலத்து அம்மாவுக்கு: தப்பு உங்கள் கையில் இல்லை, காலண்டரில். இப்போதைக்கு அந்தப் பைகளில் தண்டுக்கீரை விதையுங்கள். ஐப்பசி பிறந்ததும் புது மண்கலவையில் உருளையை நடுங்கள். பொங்கல் கழிந்து சில வாரங்களில் உங்கள் மாடிக் கிழங்கையே பேத்திக்கு மசித்துக் கொடுக்கலாம்.