ஒரே வேலை, இரண்டு சம்பளம்

வரிக்காலத்தில் என் மேசைக்கு வரும் டி4 படிவங்களில் ஏஜென்சிகளின் பெயர்கள் ஏராளம். விடியமுன் ஸ்காபரோவில் பஸ் ஏறித் தொழிற்சாலைக்குப் போகும் எமது ஆட்கள் பலருக்கு, வேலை வாங்கும் கம்பனி ஒன்று, சம்பளம் கொடுப்பது இன்னொன்று. பக்கத்தில் நிற்கும் நிரந்தர ஊழியர் அதே பெட்டியைத்தான் அடைக்கிறார். ஆனால் மணித்தியாலத்துக்குச் சில டொலர்கள் கூடுதலாக எடுக்கிறார்.

நான் கொமர்ஸ் படித்த காலத்தில், கேள்விக் கோடும் நிரம்பல் கோடும் வெட்டும் புள்ளிதான் கூலி என்று கரும்பலகையில் கீறிக் காட்டினார்கள். இந்த இருவரின் திறமையும் ஒன்று, சந்தையும் ஒன்று. பிறகு எப்படி இரண்டு புள்ளிகள்? ஒருவரால் "இந்தச் சம்பளம் காணாது" என்று சொல்ல முடியும். மற்றவர் அப்படிச் சொன்னால், "நாளைக்கு வரவேண்டாம்" என்று ஒரு ரெலிபோன் வந்துவிடும். அந்தப் பயத்துக்கும் ஒரு விலை இருக்கிறது. அதைத் தொழிலாளிதான் கட்டுகிறார்.

ஒன்ராறியோ ஒருமுறை இதில் கை வைத்தது. 2017இல் லிபரல் அரசு நிறைவேற்றிய 148ஆம் இலக்கச் சட்டமூலம், 11.60 டொலராக இருந்த குறைந்தபட்சச் சம்பளத்தை 2018 ஜனவரியில் 14 ஆக்கியது. ஏப்ரல் 1 முதல், ஒரே வேலை செய்யும் ஏஜென்சி ஊழியருக்கும் நிரந்தர ஊழியருக்கும் ஒரே சம்பளம் என்றது. ஜூனில் ஆட்சி மாறியது. டக் ஃபோர்ட் அரசின் 47ஆம் இலக்கச் சட்டமூலம், 2019 பிறக்கும்போது அந்தப் பிரிவை நீக்கிவிட்டது. ஒன்பதே மாதம்! அந்த ஜனவரியில் வரவேண்டிய 15 டொலரும் 2022 ஜனவரியில்தான் வந்தது. கிழமைக்கு 40 மணித்தியாலம் வேலை செய்பவருக்கு அந்த ஒரு டொலர் வருடத்துக்கு 2,080 டொலர். பேஸ்மென்ட் வாடகை கட்டுபவருக்கு அது சின்னக் காசல்ல.

சம்பளம் கூடினால் வேலை போய்விடும் என்று எமது கடை முதலாளிமாரும் சொல்வார்கள். சிறிய கடையின் நெருக்கடி உண்மைதான், அவர்களின் கணக்கையும் நான் பார்க்கிறேன். ஆனால் ஒன்ராறியோவின் குவெல்ஃபில் பிறந்த டேவிட் கார்ட், அலன் குரூகருடன் சேர்ந்து நியூ ஜேர்சியின் துரித உணவகங்களை ஆராய்ந்தபோது, சம்பள உயர்வால் அங்கே வேலை குறைந்ததாகத் தெரியவில்லை. கார்டுக்கு 2021இல் நோபல் கிடைத்தது.

2024 ஜூலை முதல் ஏஜென்சிகளுக்கு அனுமதிப்பத்திரம் கட்டாயம். 2025 ஒக்டோபரில் குறைந்தபட்சச் சம்பளம் 17.60 ஆனது. சமசம்பளப் பிரிவு மட்டும் திரும்பி வரவில்லை. அதை நீக்கிய ஆளுங்கட்சி வரிசையில் விஜய் தணிகாசலம், லோகன் கணபதி என எமது இருவரும் இருந்தார்கள். அவர்களின் வெற்றியைக் கொண்டாடிய நாம், இதைப்பற்றி அவர்களிடம் இன்னும் கேட்கலாம்.