வெடிமருந்து செய்த கைகள்

கழக்கூட்டத்தை அடுத்த தும்பாவிலிருந்து 1967 நவம்பர் 20-ந் தேதி, நம் நாட்டிலேயே செய்யப்பட்ட முதல் ஆராய்ச்சி ராக்கெட் பறந்தது. அதை உந்தியது கார்டைட் எனும் வெடிமருந்து. அம்மருந்துக்குப் பேர்போனது, நீலகிரியில் குன்னூரை அடுத்துள்ள அருவங்காடு ஆலை.

1904-ல் வெள்ளையர் ஆட்சியில் தொடங்கிய ஆலை அது. காட்டேரி அருவியின் மின்சாரத்தில் இயந்திரங்கள் ஓடின. நைட்ரோகிளிசரின், வெடிபஞ்சு, வாசலின் ஆகியவற்றைப் பிசைந்து இழையாக இழுத்தால் கார்டைட். இரண்டு உலகப் போர்களிலும் இங்கிருந்து படைகளுக்கு மருந்து போயிற்று. சுதந்திரத்துக்குப் பின் நம் ராணுவத்துக்கும் போயிற்று.

போர் வரலாற்றில் தளபதிகளின் பெயர் நிற்கிறது. ஒரு பொறி பட்டால் உயிர் போகும் கூடங்களில் நின்று உழைத்தவர்களின் பெயர் நிற்கவில்லை. விபத்தில் மாண்டவர்களும் உண்டு. பிழைப்புக்காக ஊர்விட்டு வந்திருக்கும் தமிழர்களுக்கு இந்த வேதனை சொல்லாமலே விளங்கும்.

2021 அக்டோபர் 1 முதல் ஆலை, மியூனிஷன்ஸ் இந்தியா என்ற பொதுத்துறை நிறுவனத்தின் கீழ் வந்துள்ளது. நிர்வாகம் கைமாறினால் பழைய பதிவேடுகள் மூட்டை கட்டப்படுவது வாடிக்கை. அப்படி நேராமல், உழைத்தவர், உயிர் நீத்தவர் பெயர்களைத் தொகுத்துத் தமிழில் வெளியிட வேண்டும். மத்திய அரசு இதற்கு ஆவன செய்யட்டும்.