பிரானா வாங்கப் போறீங்களா? பல்லைப் பாருங்க!

கோவில்பட்டி:
வீட்டுத் தொட்டியில் பிரானா வளர்க்க ஆசைப்படுபவர்கள் முதலில் பார்க்க வேண்டியது பல்லைத்தான். வயிறு சிவந்த குஞ்செல்லாம் பிரானா ஆகிவிடாது. அந்தப் பெயரில் கடைகளில் கைமாறுவது பெரும்பாலும் அதன் சொந்தக்கார மீனான பாக்கு. ஆந்திராவில் ரூப்சந்த் என்று குளத்தில் வளர்த்து கறிக்கு விற்கிறார்களே, அதே மீன்தான்!

பிரானா பல் முக்கோணமாக பிளேடு மாதிரி இருக்கும். பாக்குவுக்கு மனுஷப் பல் போல தட்டை. கொட்டையைக் கடிக்கிற பல்.

பெயரில் ஏமாந்தால்கூட பரவாயில்லை. சிவப்பு வயிற்றுப் பிரானா சுமார் 1 அடி வளரும். பாக்கு 2 அடியைத் தாண்டும். தொட்டி தாங்காது. தண்ணீரையும் அடிக்கடி மாற்ற வேண்டும். குடிக்கவே தாமிரபரணி தண்ணீர் குழாயில் வரவேண்டிய கரிசல் ஊரில் இது லேசான காரியமா? கடைசியில் கண்மாயில் விட்டுவிடத்தான் தோன்றும். அங்கே மீன்பாசி ஏலம் எடுத்தவர் விட்ட கெண்டைக் குஞ்சுகளின் இரைக்கு இது போட்டிக்கு வந்து நிற்கும்.

பல் தட்டையா? தொட்டிக்கு வேண்டாம். குழம்புக்கு ஆகும்.