கணேசனின் கடைவாய்ப்பல்

ஆம்பூர்வாசிகளுக்குத் தோலைப் பற்றி யாரும் உபந்நியாசம் செய்ய வேண்டியதில்லை. சுண்ணாம்புத் தொட்டியும் ஆவாரம்பட்டையும் காணாத பச்சைத் தோல் விரைவில் நாறி அழிந்துவிடும் என்பது இங்கே சிறுவர்களுக்கும் தெரிந்த விஷயம். ஆகவேதான், நமது வகுப்பில் ஸ்டெகோடான் என்னும் பூர்வகால யானையின் படத்தைக் காட்டியபோது ஒரு பையன் எழுந்து, "அதன் தோலை யாரும் பதனிட்டு வைக்கவில்லையே, ஸார்! பின் இவ்வளவும் எப்படித் தெரிந்தது?" என்று கேட்டான். கேட்டது நியாயமே. அந்த யானை நமக்கு விட்டுப்போன சொத்து அதன் எலும்பும், முக்கியமாக அதன் பல்லும்தான்.

இமயமலையின் அடிவாரத்தில் சிவாலிக் குன்றுகள் தொடர்ந்து செல்கின்றன. 1830-களில் ஸஹரான்பூர்த் தாவரத் தோட்டத்தை நிர்வகித்து வந்த டாக்டர் ஹ்யூ பால்கனரும், கால்வாய் என்ஜினீயர் பிராபி காட்லியும் அங்கே மூட்டை மூட்டையாகக் கல்லாய்ச் சமைந்த எலும்புகளைத் திரட்டினார்கள். ஒட்டகச்சிவிங்கிக்கு உறவான ஒரு பெரிய மிருகத்துக்குச் சிவபெருமானின் பெயரைச் சூட்டியவர்கள், யானைக்கு என்ன பெயர் வைப்பார்கள்? கணேசன் என்றே வைத்தார்கள். 1837-இல் லண்டன் பூகர்ப்ப சாஸ்திர சங்கம் இருவருக்கும் பதக்கம் அளித்தது. நம் பிள்ளையாரின் பெயர் தாங்கிய அந்த மண்டையோடும் கப்பலேறி லண்டன் போய்ச் சேர்ந்தது. இன்றும் அங்கேதான் இருக்கிறது. அவ்வளவு தூரம் போக முடியாத நேயர்கள் கொல்கத்தா இந்தியன் மியூஸியத்தில் ஸ்டெகோடானைத் தரிசிக்கலாம்.

அந்தக் கணேசனுக்குத் தந்தங்கள் பத்தடிக்குக் குறையாத நீளம். அவை இரண்டும் மிக நெருக்கமாக முளைத்திருப்பதால், நடுவே துதிக்கை தொங்க இடமே இராது, ஒரு பக்கமாகத்தான் தொங்கியிருக்கும் என்று பலர் கருதுகிறார்கள். வலம்புரியா, இடம்புரியா என்று கேட்டால் பதில் சொல்வாரில்லை. துதிக்கையில்தான் எலும்பே கிடையாதே!

பல்லுக்கு வருவோம். யானைக்கு நம்மைப்போல் கீழிருந்து மேலாகப் பல் முளைப்பதில்லை. தாடையின் பின்புறம் தோன்றும் கடைவாய்ப்பல் மெல்ல முன்னே நகர்ந்து வர, முன்னது தேய்ந்து உதிரும். இவ்வாறு ஆயுளில் ஆறு முறை. ஆறாவதும் தேய்ந்தால் பட்டினிதான். இன்றைய யானையின் பல், புத்தகத்தின் ஏடுகளைப்போல் உயரமான தகடுகளை அடுக்கி ஒட்டியது. ஸ்டெகோடானின் பல்லிலோ தணிந்த மேடுகள் கூரை கூரையாக வரிசையிட்டு நிற்கும். 'கூரைப்பல்' என்பதே அப்பெயரின் பொருள். இலை, தளிர்களை மெல்ல அது போதும். புல்லிலோ மணலையொத்த நுண்துகள்கள் உண்டு. புல்லை மென்று மென்று தணிந்த பல் சீக்கிரம் மழுங்கிவிடும். நம் வீட்டு அம்மியையாவது கொத்திக்கொள்ளலாம்.

இந்த ஸ்டெகோடான் இன்றைய யானைக்குப் பாட்டனல்ல, பங்காளி. காடுகள் குறுகிப் புல்வெளிகள் பெருகியபோது, உயர்ந்த பல் படைத்த யானைகள் எதையும் தின்று தழைத்தன. கூரைப்பல்லுக்கு அது எளிதல்ல என்பது ஆராய்ச்சியாளர்கள் கூறும் காரணங்களுள் முக்கியமானது. இந்தோனேஷியாவின் புளோரஸ் தீவில் எருமையளவாகச் சிறுத்துப்போன ஓர் இனம் நெடுங்காலம் பிழைத்திருந்தது. 2003-இல் லியாங் புவா குகையில் கண்டெடுத்த குள்ள மனித இனத்தின் எலும்புகளோடு அதன் எலும்புகளும் கிடைத்தன. சுமார் 50,000 வருஷங்களுக்கு முன் அந்தத் தீவிலும் அதன் சுவடு மறைந்துவிட்டது.

பிழைத்த பங்காளியைக் காண நாம் நெடுந்தூரம் போக வேண்டாம். நீண்ட காலம் யானையே இல்லாதிருந்த ஆந்திர எல்லைக் கௌண்டின்யா காட்டுக்கு 1980-களில் யானைகள் திரும்பி வந்தன. அங்கிருந்து குடியாத்தம், பேரணாம்பட்டுப் பக்கத்து வயல்களில் இறங்குகின்றன. அவை நாடி வருவது நெல்லும் கரும்பும். இரண்டும் புல் சாதி என்று வகுப்பில் சொன்னோம். கேள்வி கேட்ட அதே பையன், "எங்கள் மாமா வயலிலும் அந்தப் புல்தான் ஸார்" என்றான்.