வாசல் காட்டும் சிறு அடையாளம்

"இதைப் படித்து என்ன பயன்?" என்று கேட்டு எந்த அறிவையும் ஒதுக்குதல் தகாது, தோழியரே!

உயிரணுவின் உட்கருவிலிருந்து பல புரதங்கள் வெளியேற, லியூசின் நிறைந்த சிறு அடையாளம் ஒன்று அவற்றில் இருத்தல் வேண்டும். எய்ட்ஸ் வைரஸின் புரதம் ஒன்றை ஆராய்ந்தவர்கள் 1995-இல் அதனைக் கண்டனர். அவ்வடையாளத்தை அறிந்து, புரதத்தை வெளியே அழைத்துச் செல்வது எக்ஸ்போர்டின் என்பது 1997-இல் புலனாயிற்று.

பல புற்றுநோய்களில், கட்டற்ற வளர்ச்சியைத் தடுக்கும் காவல் புரதங்களும் இவ்வழியே வெளியேற்றப்பட்டுவிடுகின்றன. எக்ஸ்போர்டினைத் தடுக்கும் செலினெக்ஸர் என்னும் மருந்து, 2019-இல் அமெரிக்காவில் ஒருவகை இரத்தப் புற்றுநோய்க்கு அனுமதி பெற்றது.

புற்றுநோய்க்கு மருந்து தேடியா அன்று அவ்வடையாளத்தைக் கண்டார்கள்? இல்லையே! சிறு துரும்பும் பல் குத்த உதவுமெனில், சிறு உண்மை ஒரு நோயாளிக்குத் துணை நிற்காதா?