கடல் கோட்டுக்கு அடங்குமா?

1974-லும் 1976-லும் இந்திய, இலங்கைச் சர்க்கார்கள் உடன்படிக்கை செய்துகொண்டு கடலின்மீது எல்லைக்கோடு வகுத்தன. அக்கோட்டைத் தாண்டினாரென்று காரைக்கால் மீனவர் சிறைப்படுவதும், படகிழந்து திரும்புவதும் நாம் அடிக்கடி கேட்கும் செய்தி. பட்டினச்சேரியில் இதைப்பற்றி அறியாத குழந்தையும் இராது. ஆனால் நீரோட்டத்தைச் சிறைப்பிடிக்க எந்தக் கடற்படையாலும் இயலாது. நீரோட்டத்தோடு வரும் வஸ்துக்களையும் அப்படியே. அணு உலைக் கழிவைக் குறித்து நாம் எழுத முற்படுவது இக்காரணம் பற்றியே.

பட்டினச்சேரிக்கு வடக்கே ஏறத்தாழ 180 கிலோமீட்டரில் கல்பாக்கம் இருக்கிறது. ஐப்பசி, கார்த்திகையில் வாடை வீசத் தொடங்கியதும் கரையோர நீரோட்டம் வடக்கிலிருந்து தெற்கே திரும்புகிறது. தெற்கிலுள்ள கூடங்குளமோ, இலங்கையின் மேற்குக் கரைக்கு இருநூறு கிலோமீட்டருக்குச் சற்றே அப்பாற்பட்டது. உலைகள் இருப்பது தமிழ்நாட்டில். நடத்துவது மத்திய சர்க்கார். காரைக்கால் புதுச்சேரி நிர்வாகத்தைச் சேர்ந்தது. எதிர்க்கரை அந்நிய ராஜ்யம். இத்தனை அதிகார எல்லைகளுக்கு நடுவே ஒரே கடல்!

பீதியைக் கிளப்புவது நமது நோக்கமன்று. கடும் வீரியமுள்ள கழிவு கடலில் கொட்டப்படுவதில்லை. அது கண்ணாடியோடு உருக்கி இறுக்கப்பட்டுக் காவலில் வைக்கப்படுகிறது. கடலில் விடப்படுவது, சுத்திகரித்து மிகுந்த நீரில் கலந்த குறைந்த வீரியத் திரவமே. உலைகளின் கதிரியக்கத்தால் பொதுஜனங்களில் ஒருவருக்கு வருஷத்திற்கு 1 மில்லிசீவர்ட்டுக்கு மேல் சேரலாகாதென்பது விதி. அதிகாரிகள் காட்டும் கணக்கு இதைவிட மிகத் தாழ்ந்தது. அதைப் பொய்யென்று கூற நம்மிடம் ஆதாரமில்லை. யாருடைய உடம்பை வைத்துக் கணக்குப் போடப்பட்டது என்பதே நமது கேள்வி.

சோதனைகள் பெரும்பாலும் நிலையத்தைச் சுற்றி 30 கிலோமீட்டர் வட்டத்துக்குள் நடப்பவை. பட்டினச்சேரி அதற்கு வெளியே கிடக்கிறது. சீசியம் மீனின் சதையில் சேரும். 30 வருஷத்தில்தான் அதன் வீரியம் பாதியாகும். ஸ்ட்ரான்ஷியம் சுண்ணாம்புச் சத்தைப்போல எலும்பில் தங்கும். பெரிய மீனின் முள்ளை நீக்கித் தின்பவனுக்கு இதனால் கவலை குறைவு. நெத்திலிக் கருவாட்டை முள்ளோடு மெல்லுகிறவன் கதி அப்படியா? வாரம் ஒருநாள் மீன் வாங்கும் பட்டணத்து உத்தியோகஸ்தனும், தினம் இருவேளை மீனே கதியென்றிருக்கும் கரையூர்க் குழந்தையும் ஒரே தராசில் நிறுக்கத்தக்கவரல்லர்.

ஜப்பானைப் பாருங்கள். புகுஷிமாவில் தேக்கிவைத்த நீரை 2023 ஆகஸ்டு 24 முதல் கடலில் விடத் தொடங்கியது. தீங்கு அற்பமே என்று சர்வதேச அணுசக்தி முகமை முன்னரே அறிக்கை வெளியிட்டிருந்தது. ஆயினும் சீனா ஜப்பானிய மீனைத் தடுத்தது. உள்நாட்டு மீனவரும் எதிர்த்தனர். பின்னர் சீன, தென்கொரிய விஞ்ஞானிகளும் அவ்விடத்துக் கடல்நீரையும் மீனையும் எடுத்துச் சென்று சோதித்தனர். சொல்வதை நம்பு என்று அண்டை நாட்டாரிடம் கூறினால் போதாதென்பதை ஜப்பான் சிரமப்பட்டுக் கற்றது.

நம் நாட்டிலும் வழி இல்லாமலில்லை. 2015 பிப்ரவரியில் டில்லியும் கொழும்பும் செய்துகொண்ட அணுசக்தி ஒப்பந்தத்தில், கதிரியக்கக் கழிவு நிர்வாகமும் விபத்து நிவாரணமும் சுற்றுப்புறப் பாதுகாப்பும் சேர்ந்தே இருக்கின்றன. அதன்கீழ் மன்னாரிலும் பட்டினச்சேரியிலும் வருஷந்தோறும் கடல்நீர், மீன், கருவாடு ஆகியவற்றை இரு தேசத்து நிபுணர்களும் கூடிச் சோதிக்கலாம். முடிவைத் தமிழிலும் சிங்களத்திலும் அச்சிட்டுக் கரையூர்ப் பஞ்சாயத்துகளிடம் கொடுக்கலாம். உலை நடத்துவோரே நீதிபதியுமாய் இருக்கும் நிலை இதனால் ஓரளவு நீங்கும். செலவும் அற்பம்.

காரைக்காலிலிருந்து புதுச்சேரிச் சட்டசபைக்குச் செல்லும் அங்கத்தினர் ஐவர். இவ்விஷயத்தை அங்கே முதலில் எழுப்பப்போகிறவர் அவர்களில் எவர்?